இழைப்புளிக்கு ஒரு கைப்பிடி

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் ஒழுகும் குழாயைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் குழாய் ரிப்பேர் சொல்லிக் கொடுக்கிறீர்கள். நம் வீட்டு வாசல் கதவைச் சாத்துவதற்கு மூன்று பேர் வேண்டியிருக்கிறதே, அதை எப்போது கவனிக்கப் போகிறீர்கள்?"

நியாயமான கேள்விதான். ஐப்பசி மழையில் ஊறி எங்கள் வாசல் கதவு நன்றாக உப்பிப் போயிருந்தது. நான் தள்ள, பேரன் முட்டுக் கொடுக்க, என் மனைவி மேற்பார்வை பார்க்க, ஒருவழியாகத் தாழ்ப்பாள் விழும். ஆகவே ஆசாரிக்கு டெலிபோன் செய்தேன். மறுநாள் காலையே வந்துவிட்டார். கூடவே அவருடைய அக்கா மகன். பத்தொன்பது வயதுப் பையன். ஐ. டி. ஐ.யில் படிப்பை முடித்துவிட்டு மாமாவிடம் தொழில் பழகுகிறான்.

ஆசாரி கதவை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "மேல் மூலையிலே நாலு இழைப்பு இழைச்சாப் போதும், ஐயா. இதுக்குப் போய் மெஷின் எதுக்குன்னு எடுத்திட்டு வரல்லே. வீட்டிலே இழைப்புளி ஏதாச்சும் இருக்குங்களா?" என்றார.

இருந்தது. பரண் மேல், தகரப் பெட்டியில், என் தகப்பனாரின் இழைப்புளி இருந்தது.

அந்த இழைப்புளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் ஆசிரியர். சென்னை மூர் மார்க்கெட்டில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருந்த காலம் அது. (1985-ல் அந்தக் கட்டடமே தீக்கிரையாகிவிட்டது.) அங்கே பேரம் பேசி வாங்கி வந்த சீமை இழைப்புளி. பதினாலு அங்குல நீளம். உடம்பு முழுவதும் வார்ப்பிரும்பு. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு குமிழ். பின்னால் தள்ளுவதற்கு வாத்தின் கழுத்தைப் போல வளைந்த ஒரு மரக் கைப்பிடி. வேறு எதை இரவல் கேட்டாலும் கொடுத்துவிடுவார். இதை மட்டும் கொடுக்க மாட்டார்.

பையன் கதவின் மேல் மூலையை இழைக்க ஸ்டூலின் மேல் ஏறினான். இரண்டு சுருள் அழகாக விழுந்தது. மூன்றாவது சுருளுக்குக் கையை மாற்றிப் பிடித்தான். அவ்வளவுதான்! "டமார்" என்று இழைப்புளி சிமெண்டுத் தரையில் விழுந்தது. நல்ல வேளை, வார்ப்பிரும்பு உடையவில்லை. ஆனால் கைப்பிடி அடிக் கழுத்தில் ஒடிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அறுபது வருஷத்துக்கு மேலாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றிய சாமான் அப்பா இது!" என்று பையனைப் பார்த்துச் சொன்னேன். அவன் ஸ்டூலிலிருந்து இறங்கவே இல்லை; அப்படியே நின்றான்.

ஆசாரிக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, புதுக் கைப்பிடி நான் செஞ்சு தர்றேன். அதுக்கு என்ன ஆகுமோ அதை இவன் கூலியிலே பிடிச்சுக்கிறேன். அப்பத்தான் ஆயுதத்தை எப்படிப் பிடிக்கணும்னு புத்தி வரும்" என்றார்.

நான் "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "பார்க்கலாம்" என்றேன்.

அதற்குள் ஆசாரி ஒடிந்த இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இங்கே பாருங்க, ஐயா. பாதி இடம் வெள்ளையா இருக்கு. அது இன்னிக்கு ஒடிஞ்சது. மீதிப் பாதி கறுத்துக் கிடக்கு பாருங்க. இது பழைய விரிசல். யாரோ வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருக்காங்க. சரியா ஒட்டத் தெரியாத கை!"

எனக்குச் சுருக்கென்றது. அந்த ஒட்டத் தெரியாத கை யாருடையது என்பது எனக்குத் தெரியும்!

1963-ஆம் வருஷம். எனக்குப் பதினொரு வயது. அப்பா பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் கிரிக்கெட் மட்டை ஒன்று செய்துவிட வேண்டும் என்று ஆசை. தொடக்கூடாத இழைப்புளியைத் தொட்டேன். திண்ணையிலிருந்து நழுவி விழுந்தது. கைப்பிடியின் கழுத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். அவசர அவசரமாக வஜ்ஜிரத்தைச் சூடு பண்ணி, விரிசலில் தடவி, வாழை நாரால் கட்டி, காய்ந்ததும் நாரை அவிழ்த்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை. நாலு நாள் பயந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மறந்தே போனேன்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். "பழைய விரிசலா இருந்தாலும் கீழே போட்டவன் இவன்தானே? பாதிக் கூலியாவது பிடிக்கத்தான் போறேன்" என்று ஆசாரி முணுமுணுத்தபோதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? "காப்பி கொண்டு வரச் சொல்கிறேன்" என்று உள்ளே போய்விட்டேன்.

* * *

மறுநாள் ஆசாரி தம் பையுடன் வந்தார். கையில் ஒரு கறுத்த கட்டைத் துண்டு.

"கருவேலம், ஐயா. உடைஞ்சு போன மாட்டு வண்டிச் சட்டம். எத்தனையோ வெயிலும் மழையும் பார்த்தது. இனிமே இது சுருங்கறதுக்கு ஒண்ணும் இல்லே" என்றார்.

சீமைக்காரர்கள் இந்த மாதிரி இழைப்புளிகளுக்கு அந்த நாளில் ஈட்டி ஜாதி மரத்தில்தான் கைப்பிடி போட்டார்கள். அமெரிக்காவில் லியோனார்டு பெய்லி என்று ஒருவர். அலகை ஒரு சிறு சக்கரத்தைத் திருகி ஏற்றவும் இறக்கவும் வழி கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர். 1869-ல் அவருடைய உரிமைகளை ஸ்டான்லி கம்பெனி வாங்கிக்கொண்டது. அதன் பிறகு உலகம் முழுவதும் அந்த மாதிரிதான் பரவியது. கைப்பிடிக்குப் பிரேஸில் நாட்டு ஈட்டி மரம். நம் மலைகளில் விளையும் ஈட்டிக்கு அது ஒன்றுவிட்ட சகோதரன் என்று சொல்லலாம். வெட்டி வெட்டி அந்த மரம் அருகிப் போய், 1992-ல் சர்வதேச வியாபாரத்துக்கே தடை வந்துவிட்டது. ஆகவே ஈட்டிதான் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். நெருக்கமான இழையுள்ள, நன்றாகக் காய்ந்த, கனமான எந்த மரமும் போதும். ஈரம் காயாத மரம் மட்டும் கூடவே கூடாது.

ஆசாரி முதல் காரியமாக அலகைக் கழற்றித் துணியில் சுற்றித் தனியே வைத்தார். பிறகு கைப்பிடியின் மேல் முனையில் இருந்த பித்தளைத் தலையைத் திருகினார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு நீண்ட கம்பி கைப்பிடியின் உடம்புக்குள் ஊடுருவிப் போய், கீழே இரும்பில் மரையாக இறங்கியிருக்கிறது. கைப்பிடி நிற்பதே அந்தக் கம்பியின் இறுக்கத்தில்தான்.

பித்தளைத் தலை கழன்று வந்தது. அதற்கு அடியில், குழிக்குள், சுண்டு விரல் நகத்தளவு ஒரு தோல் வளையம் இருந்தது. காய்ந்து கறுத்துப் போன தோல்; நடுவில் ஓட்டை.

"அட!" என்றார் ஆசாரி. "இது கம்பெனியிலே போட்டு வர்றது இல்லீங்களே. வச்சவரு வேலை தெரிஞ்சவரு. கைப்பிடி விரிசல் விட்டுப் போச்சு. கம்பியை இன்னும் முறுக்கணும். ஆனா மரை அடி தட்டிப் போச்சு, இறங்க மாட்டேங்குது. அப்ப இந்த மாதிரி ஒரு வாஷர் போட்டு முறுக்கினா விரிசல் வாய் திறக்காது. இதனாலேதான் இந்தக் கட்டை இத்தனை வருஷம் தாங்கியிருக்கு. இன்னொண்ணு பாருங்க. ஒட்டினவன் வஜ்ஜிரத்தை வழிய விட்டிருப்பான். வெளியிலே ஒரு சொட்டு இல்லே. யாரோ பொறுமையாச் சுரண்டி, மேலே பாலிஷும் கொடுத்திருக்காங்க."

நான் ஒட்டியபோது வஜ்ஜிரம் வழிந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. சட்டை நுனியால் துடைத்தேன், போகவில்லை. சுரண்டியது நான் அல்ல. தோல் வளையம் வெட்டி வைத்ததும் நான் அல்ல.

அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது! பெட்டியைத் திறந்த முதல் நாளே தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. உட்கார்ந்து அதைச் சரி செய்து, திருப்பிப் பெட்டியில் வைத்திருக்கிறார். நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ! இருந்த வரையில் நான் சொல்லவே இல்லை.

பையன் கூடத்து ஓரத்தில் குந்தி உப்புத்தாளைக் கிழித்துக்கொண்டிருந்தான். நேற்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆசாரி, அந்தக் கைப்பிடியை ஒடித்தது பையன் இல்லை. நான்தான்" என்றேன். திண்ணை, கிரிக்கெட் மட்டை, வாழை நார் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டேன். என் மனைவியும் சமையலறைக் கதவருகில் வந்து நின்று கேட்டாள்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு பையன் மெதுவாக, "மாமா, அப்போ ஐயாவுக்கு எத்தனை நாள் கூலி பிடிக்கணும்?" என்றான்.

ஆசாரி அவனை அதட்ட வாயெடுத்தவர், தாமே சிரித்துவிட்டார். "கூலி வேண்டாம். ஐயாவே உட்கார்ந்து அரம் போடட்டும்" என்றார். இப்படியாக எனக்குத் தண்டனை நிர்ணயமாயிற்று.

* * *

இனி, செய்த விதத்தைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கைப்பிடி ஒடிந்த இழைப்புளி கிடக்கலாம்.

ஒடிந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு கனத்த அட்டையின் மேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்துகொள்ளுங்கள். சிராய் பெயர்ந்த இடங்களைக் கண்ணால் நிரப்பி வரையுங்கள். வெட்டி எடுத்தால் அதுதான் அச்சு. ஒரு அங்குலக் கனத்தில், ஆறு அங்குல நீளமும் ஐந்து அங்குல அகலமும் உள்ள பலகை இருந்தால் தாராளமாகப் போதும்.

அச்சைப் பலகை மேல் வைக்கும்போதுதான் முக்கியமான விஷயம். மரத்தின் இழை, இழைப்புளியின் அடித்தட்டுக்கு இணையாக, படுக்கைவாட்டில் ஓட வேண்டும். "கைப்பிடி நிற்கிறது நெட்டுக்குத்தாக, இழையும் நெட்டுக்குத்தாக இருந்தால்தானே பலம்?" என்று நான் கேட்டேன். ஐ. டி. ஐ. பையன் பதில் சொன்னான்: "அப்படி வச்சா முன்னாலே நீட்டிக்கிட்டு இருக்கிற பாதமும், மேலே பின்னாலே நீளுற கொம்பும் விறகு பிளக்கிற மாதிரி பொளந்துடும், ஐயா. நடு உடம்பைத்தான் கம்பி இறுக்கிப் பிடிச்சிருக்கே! கம்பி பிடிக்காத இடத்துக்குத்தான் இழையோட பலம் வேணும்." ஆசாரி ஒன்றும் பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். கம்பி தளர்ந்தால் கைப்பிடிக்கு ஆபத்து. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அடிக் கழுத்து நெம்பப்படும். மரம் காயக் காயச் சுருங்கும். சுருங்கினால் கம்பி தானாகவே தளரும். பழைய கைப்பிடிகள் பல அந்த இடத்திலேயே ஒடிவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது துளை. வளைவுகளை அறுப்பதற்கு முன்பே துளையைப் போட்டுவிட வேண்டும். சதுரப் பலகையாக இருக்கும்போது நேராகப் பிடிப்பது சுலபம். துளை கோணலாகப் போனாலும் பலகைதான் நஷ்டம், உழைப்பு நஷ்டமில்லை. பழைய கைப்பிடியில் கம்பி எந்தச் சாய்வில் போயிற்றோ அதே சாய்வைப் பலகையின் பக்கத்தில் கோடாக இழுத்துக்கொள்ளுங்கள். பித்தளைத் தலை உட்காரும் மேல் முனையை, அந்தக் கோட்டுக்கு மூலைமட்டமாக அறுத்துவிடுங்கள். பிறகு கோடு செங்குத்தாக நிற்கும்படி பலகையை இடுக்கியில் மாட்ட வேண்டும். ஆசாரி தூக்குக் குண்டைத் தொங்க விட்டு, நூலும் கோடும் ஒன்றாகும் வரையில் பலகையைத் தட்டித் தட்டி நகர்த்தினார்.

முதலில் பித்தளைத் தலைக்கான அகலத் துளையை வேண்டிய ஆழம் போடுங்கள். அதன் நடுவிலிருந்து கம்பிக்கான குறுகிய துளை. இந்த வரிசையை மாற்றினால் அகலத் துளைக்கு நடு மையம் கிடைக்காமல் துறப்பணம் அலையும். குறுகிய துளை கம்பியைவிட ஒரு நூல் பெரிதாகவே இருக்கட்டும். அடியில் இரும்பு மேடு ஒன்று இருந்தால் அது புகும்படி நகவுளியால் குடைந்து விடுங்கள். எங்களுடையதைப் போன்ற நீளமான இழைப்புளிகளில் கைப்பிடியின் பாதத்துக்கும் ஒரு சிறு திருகாணி உண்டு; அதன் துளையையும் இப்போதே குறித்துக்கொள்ளலாம்.

அதன் பிறகு குறுகிய அலகுள்ள வளைவு ரம்பத்தால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து எடுப்பது, பிறகு அரம். இது என் பங்கு. கருவேலம் என்றால் கருவேலம்தான்! அரை மணியில் உள்ளங்கையில் ஒரு கொப்புளம். முரட்டு அரத்தால் மூலைகளை உடைத்து, உருண்டை அரத்தால் கழுத்தின் உள்வளைவைத் தேய்த்து, அடிக்கடி கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கங்களின் நடுவே கொஞ்சம் தட்டையாகவே விட்டுவிடுங்கள். முழுக்க உருட்டிவிட்டால் பிடி கையில் சுழலும்.

நான் நாலு விரலையும் மடக்கிப் பிடித்துப் பார்த்தேன். இடம் போதவில்லை; கொம்பு கையை நெரித்தது. இன்னும் தேய்க்கப் போனேன். ஆசாரி தடுத்தார். "மூணு விரல்தான் பிடிக்கும், ஐயா. ஆட்காட்டி விரல் முன்னாலே நீட்டி நிக்கணும். அது வழி காட்டுற விரல்." அப்படிப் பிடித்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது! ஐம்பது வருஷமாக நான் இழைப்புளியைத் தப்பாகப் பிடித்திருக்கிறேன்.

கைப்பிடியின் அடி இரும்பில் ஆடாமல் அமர வேண்டும். இரும்பில் விளக்குக் கரியை லேசாகத் தடவி, கைப்பிடியை வைத்து அழுத்தி எடுத்தால், மேடான இடத்தில் கரி ஒட்டும். அங்கே மட்டும் சீவி, மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். நாலைந்து தடவையில் சரியாகிவிடும்.

கடைசியில் முரட்டு உப்புத்தாள், நைஸ் உப்புத்தாள், பிறகு ஆளிவிதை எண்ணெய். துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, கொஞ்ச நேரம் ஊற விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை. ஒரு எச்சரிக்கை: எண்ணெய் தோய்ந்த அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது தானே சூடாகும். சுருட்டிய துணி தானாகவே தீப்பிடித்துக்கொள்வது உண்டு. வெளியில் விரித்துக் காயப் போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

* * *

நாலாம் நாள் கைப்பிடியை மாட்டினோம். பித்தளைத் தலையை ஆசாரி கடைசி வரையில் முறுக்கிப் பார்த்தார். அசைவே இல்லை.

"இந்தத் தோல் வாஷரைப் போட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"இப்ப வேண்டாங்க. கோடை கழிஞ்சதும் ஒரு தரம் முறுக்கிப் பாருங்க. ஆட்டம் கண்டா அப்ப எடுத்துப் போட்டுக்குங்க. அது இன்னும் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

பையன் ஸ்டூலில் ஏறி, விட்ட இடத்திலிருந்து கதவை இழைத்தான். மூன்று விரல் மடங்கி, ஆட்காட்டி விரல் முன்னால் நீட்டி நின்றது. சுருள் சுருளாக மரம் இறங்கியது. ஆசாரி அவனுக்கு நாலு நாள் கூலியையும் முழுசாக எண்ணிக் கொடுத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

தோல் வளையத்தை ஒரு தீப்பெட்டியில் போட்டு, இழைப்புளியோடு தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டி இப்போது பரண் மேல் இல்லை. கைக்கெட்டும் அலமாரியில் இருக்கிறது. பேரனுக்குப் பத்து வயது ஆகிறது. தொடக்கூடாது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. கீழே விழுந்தால் வந்து சொல் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

வாசல் கதவு இப்போது ஒரு விரலால் தள்ளினால் சாத்திக்கொள்கிறது. மேற்பார்வை பார்க்க வேலையில்லாமல் போய்விட்டதே என்று என் மனைவிக்குத்தான் கொஞ்சம் குறை. அடுத்தபடியாகக் கொல்லைப்புறக் கதவைக் காட்டியிருக்கிறாள்.